காட்டான் கட்டுன கோயில்

ஏங்கண்ணு, இப்பிடி உக்காரு. போனை அக்கட்டால வெய்யி. அது ஒண்ணும் அழுவாது.

உங்கம்மா சொன்னா, கிறிஸ்மஸ் லீவுக்குச் சீமைக்குப் போறீங்களாமா. ஜெர்மனியில கொலோன்னு ஒரு ஊராமா, அங்க கோதிக்குக் கோயில் ஒண்ணு வானத்தைக் குத்திக்கிட்டு நிக்குதாமா, அங்க ராத்திரிப் பூசை பாத்துப் படம் புடிச்சுப் போடோணுமாமா. தலைக்கு ரெண்டு லட்சத்துக்குக் கொறையாதுன்னா. நீ, உம்பொண்டாட்டி, பாப்பா, ஆக மூணு டிக்கெட்டு. மூணு சோடி காங்கேயங் காளை வாங்கற காசு. நான் வேண்டாங்கலை சாமி. காளைய வாங்குனா மட்டும் பெங்களூருல அஞ்சாம் மாடியில கட்டுத்தரையா போடப்போறே? போயிட்டு வா. உன்ற காசு, உன்ற லீவு. அதுக்கு முன்னால இந்தக் கெழவன் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சேலத்துல கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்துல கிறிஸ்துநாதர் ஆலயம்னு ஒண்ணு நிக்குதே, அத வரைஞ்சு குடுத்தது ஆரு?

பாரு, முழிக்கறே. நாலு வருசம் அந்த வழியாத்தான் டவுன் பஸ்சுல காலேஜுக்குப் போனே. தெனமும் ரெண்டு வாட்டி. அந்த நாலு வருசமும் கண்ணை எங்க வெச்சிருந்தேன்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா உம்பொண்டாட்டி முன்னால உனக்குத்தான் மானக்கேடு.

நானே சொல்லிப்போடறேன். ராபர்ட் சிஷோம்னு ஒரு துரை. மெட்ராசுக் கடற்கரைக்கு எதுத்தாப்ல பிரசிடென்சி காலேஜு இருக்குதில்ல, அது அவுரு. கொஞ்சம் தள்ளி யுனிவர்சிட்டி செனட் ஹவுஸ், அதுவும் அவுரு. திருவனந்தபுரத்து நேப்பியர் மியூசியம், அதுவும் அவுருதான். செனட் ஹவுஸை 1874ல தொடங்கி 1879ல முடிச்சாங்க. நம்ம சேலத்துக் கோயில் 1875. அங்க கும்மட்டம் ஏத்திக்கிட்டிருந்த கையிதான் இங்க கூர் வளைவு போட்டிருக்குது. துலுக்கர் கும்மட்டம், ராசபுத்திரர் சாளரம், நம்ம கோயில் தூணுன்னு எல்லாத்தையும் கூட்டாஞ்சோறாக் கிண்டற ஆளு, சேலத்துல சீமைச் சமையலையே வெச்சுட்டாரு. கலெக்டரும் ஜட்ஜும் ஞாயித்துக்கெழமை வந்து உக்கார்ற எடம் பாரு, அவுங்க நாக்குக்கு ஏத்தாப்லதான ஆக்கோணும்.

எனக்கு எப்பிடித் தெரியும்னு பாக்கறே. முப்பது வருசம் நாமக்கல் வண்டி ஓட்டுனவன் கண்ணு. லோடு எறக்கற வரைக்கும் டிரைவருக்கு என்ன வேலை? நெழலு தேடறதுதான். நம்ம கோயில் மண்டபம் நல்ல நெழலு, ஆனா மத்தியானம் நடை சாத்திப்போடுவாங்க. வேதக்கோயில் பலது தொறந்து கெடக்கும். ஒசரமான கூரை, தேக்கு பெஞ்சு, ஆளரவம் இருக்காது. அனல் வெயில்ல கேபின்ல இருந்து எறங்கி அதுக்குள்ளாற போனா, கெணத்துக்குள்ள எறங்குனாப்ல சில்லுன்னு இருக்கும். தூங்கறதுக்குத்தான் போனேன், பொய் சொல்ல மாட்டேன். மல்லாக்கப் படுத்தவன் கூரையப் பாத்துத்தான ஆகோணும்? அப்பிடிப் பாத்துக் கத்துக்கிட்டதுதான் இதெல்லாம். மிச்சத்தை அங்க கூட்டிப் பெருக்கற பெரியவங்களும், ரெண்டொரு பாதிரிமாரும் சொல்லிக் குடுத்தாங்க.

சரி, கோதிக்கு கோதிக்குன்னு வாய் நெறையச் சொல்றியே, அதுக்கு என்ன அர்த்தம்? தெரியாது. போனைத் தேடாத, அதான் அக்கட்டால வெக்கச் சொன்னேன்.

அது ஒரு வசவு கண்ணு. கோத்துங்கறது ஒரு சனம், ஒரு காலத்துல ரோமாபுரியையே சூறையாடுன கூட்டம். இந்தக் கட்டடத்துக்கும் அவுங்களுக்கும் ஒட்டுமில்ல, ஒறவுமில்ல. பாரிசுக்குப் பக்கத்துல சேன் தெனின்னு ஒரு மடம். அங்க சுஜேர்னு ஒரு மடாதிபதி, கோயில் இருட்டாக் கெடக்குதேன்னு பீடத்துப் பக்கத்தை இடிச்சு வெளிச்சமாக் கட்டுனாரு. 1144ல அதைத் தொறந்தாங்க. அங்க இருந்துதான் இந்த வேலைப்பாடு ஐரோப்பா பூராவும் பரவுச்சு. அதுக்கு அப்ப இந்தப் பேரே கெடையாது. நானூறு வருசம் கழிச்சு வசாரின்னு ஒரு இத்தாலிக்காரரு, பெரிய ஓவியரு, பெரிய எழுத்துக்காரரு, பழைய ரோமாபுரிக் கட்டடந்தான் கட்டடம், இந்தக் கூராங் கூராக் கட்டுனதெல்லாம் கோத்துக் காட்டானுக வேலைன்னு மூஞ்சியச் சுளிச்சு எழுதி வெச்சாரு. அந்த வசவே பேராப் போச்சு. மெட்ராசுக்காரன் நம்மளைப் பாத்துப் பட்டிக்காட்டான்ங்கறான் பாரு, அதேதான். ஆகக்கூடி கோதிக்குன்னாப் பட்டிக்காட்டான் கட்டுன கோயில். ராசிபுரத்துல பொறந்து, சோளக்களி தின்னு வளந்தவன் அதைப் பாக்க ரெண்டு லட்சம் கட்டறியே, பங்காளி வூட்டுக்குப் போறதுக்கு எவனாச்சும் டிக்கெட் எடுப்பானா?

சிரிக்கறே. சிரி. அடுத்ததைக் கேளு.

இந்தக் கட்டடத்தோட சூட்சுமம் நம்ம வாழைத்தோப்புல இருக்குது. பரமத்தி வேலூரு பக்கம் ஆத்தோரம் போயிப் பாரு. தாரு போட்ட மரம் காத்துக்குச் சாஞ்சிரும்னு மூங்கில் வெச்சு முட்டுக் குடுத்திருப்பாங்க. மரம் ஒல்லிதான், தாரு கனம். முட்டு இருந்தா நிக்கும், இல்லாட்டி மல்லாந்திரும். கோதிக்குக் காரனும் அதையேதான் பண்ணுனான். அதுக்கு முன்னால அரைவட்ட வளைவு. அரைவட்டம் என்ன பண்ணும்? பாரத்தை ரெண்டு பக்கமும் வெளிய தள்ளும், குண்டு ஆளு பெஞ்சுல உக்காந்து ஓரத்துல இருக்கறவனைத் தள்ளறாப்ல. அந்தத் தள்ளைத் தாங்கோணும்னா செவுரு கோட்டைச் செவுராட்ட இருக்கோணும். தடிச் செவுத்துல சன்னல் வெச்சா எலி வளையாட்டத்தான் வெக்க முடியும். அப்பறம் உள்ளாற எப்பிடி வெளிச்சம் வரும்?

வளைவை மேல கூரா முடிச்சான் பாரு, அங்கதான் வெவகாரம். ரெண்டு கையையும் கூப்பி வெச்சாப்ல. கூர் வளைவு பாரத்தைக் கீழ் பக்கமா அதிகமா எறக்கும், பக்கவாட்டுல கொறச்சுத் தள்ளும். மிச்சம் இருக்கற தள்ளுக்கு வெளியில இருந்து கல்லுலயே முட்டுக் குடுத்தான். பெரிய கோயில்ல அந்த முட்டு செவுத்தை உட்டுத் தள்ளி நின்னு, அந்தரத்துல கையை நீட்டிப் புடிச்சுக்கிட்டிருக்கும். நம்ம பக்கத்துல பெரும்பாலும் செவுத்தோட ஒட்டுன முட்டுத்தான். பாரம் தூணுக்கும் முட்டுக்கும் போயிருச்சா, செவுத்துக்கு வேலை இல்ல. வேலை இல்லாத செவுரு எதுக்கு? எடுத்துப்போட்டுக் கண்ணாடி வெச்சான். வண்ணக் கண்ணாடி, அழகுக்கு வெச்சதுன்னு நீ நெனைக்கறே. அது செவுத்தைக் கழிச்சு வந்த லாபம்.

மேல தாவாரத்துல ஒரு கோரப்பல்லு மிருகம் வாயப் பொளந்துக்கிட்டு நிக்குமே, சீமைக் கோயில்ல? பேயின்னு பயந்து படம் எடுப்பீங்க. அது மழைத்தண்ணி தூம்பு கண்ணு. கூரைத் தண்ணி செவுத்துல வழியாம எட்டத் துப்பறதுக்கு வெச்சது. நம்ம கோயில் கோமுகி பண்ற வேலையத்தான் அந்தப் பேயும் பண்ணுது. மாட்டு வாயி வெச்சா என்ன, பேய் வாயி வெச்சா என்ன, தண்ணிக்கு வழி வேணும்.

இப்ப நோம்பி சமாச்சாரத்துக்கு வர்றேன். கிறிஸ்மஸ் அன்னிக்குக் கோயில் பாக்கப் போறதுல ஒரு கோளாறு இருக்குது. நீங்க எல்லாம் நடுராத்திரிப் பூசைக்குத்தான் ஓடறீங்க. சீரியல் லைட்டு, நட்சத்திரம், குடிலு, கூட்டம், எல்லாம் நல்லாத்தான் இருக்கும். ஆனா ராத்திரியில உள்ளாற நின்னு வண்ணக் கண்ணாடியப் பாத்தா என்ன தெரியும்? கருப்பு. தார் பூசுன தகரமாட்டம் இருக்கும். வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்குதோ அதுக்கு மறுபக்கம் நின்னாத்தான கண்ணாடி பேசும்? ராத்திரியில பாக்கோணும்னா வெளிய வந்து நில்லு. உள்ளாற லைட்டு எரியும், சன்னல் பூராவும் செவப்பும் நீலமுமா வாசல்ல கொட்டிக் கெடக்கும். கூட்டத்துல நசுங்கிக்கிட்டு உள்ளாற நிக்கறவனுக்குக் கெடைக்காதது, வெளிய சுண்டல் விக்கறவனுக்குக் கெடைக்கும்.

பகல்ல பாக்கோணும்னா வெடியால போ. இந்தப் பழைய கோயில் பலதும் பீடத்தைக் கெழக்க வெச்சுக் கட்டுனது. மார்கழிச் சூரியன் தாழத்தான் வரும், தென்கெழக்கால. ஏழு, ஏழரைக்குப் பீடத்துப் பின்னால இருந்து வெளிச்சம் நொழைஞ்சு தரையில எறங்கும். ஒரு வாட்டி நான் முன்னாடி பெஞ்சுல உக்காந்திருக்கறேன், என்ற வேட்டி மேல ஒரு செவப்புத் துண்டு வெளிச்சம். வெத்தலை எச்சிலத் துப்பிக்கிட்டேன்னு தொடைக்கறேன், போகவே மாட்டேங்குது. பக்கத்துல ஒரு பாட்டி வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது. அப்பறம் அது மெல்ல நகந்து முழங்காலுக்குப் போச்சு, அங்க இருந்து பெஞ்சுக்குப் போச்சு. அரை மணி நேரம் வெளிச்சம் நகர்றதையே பாத்துக்கிட்டிருந்தேன். அன்னிக்கு முட்டை லோடு லேட்டு. மொதலாளி என்ற குடும்பத்தையே வாழ்த்துனாரு.

நேரத்தைப் பத்தி இன்னொண்ணு. ஆர்.சி.க் கோயில்ல இருபத்தி நாலாந்தேதி நடுராத்திரிப் பூசை. சி.எஸ்.ஐ.யில பெரும்பாலும் இருபத்தஞ்சு வெடியக்காலம் ஆராதனை, கோழி கூவறதுக்கு முன்னாடி. ஒரே ராத்திரியில ரெண்டையும் பாத்துப்போடலாம், தூக்கத்தை உட்டாப் போதும். கூட்டத்தைப் பாக்கோணும்னா சேலத்துல நாலு ரோடு குழந்தை இயேசு பேராலயத்துக்குப் போ. 1930ல சேலத்தைத் தனி மறைமாவட்டமாப் பிரிச்சாங்க, அதுக்குத் தலைக்கோயில் அது. பழசைப் பாக்கோணும்னா சிஷோம் துரை கோயிலுக்கு வா. கோட்டைப் பக்கம் லெக்லர் நினைவு ஆலயம் இருக்குது, அதையும் உட்டுறாத. லெக்லருங்கறவரு லண்டன் மிஷன் பாதிரி. அந்த மிஷன் 1827லயே சேலத்துக்கு வந்துருச்சு. அவரு பின்னால வந்து சேந்து, நம்ம சனத்தோட கெடந்து, 1861ல காலமானாரு. ஆக, துரைமாருக்கு ஒரு கோயில், நம்ம சனத்துக்கு ஒரு கோயில். 1947 செப்டம்பர்ல தென்னிந்தியத் திருச்சபைன்னு எல்லாத்தையும் ஒண்ணு சேத்தாங்க. இப்ப ரெண்டு கோயில்லயும் நம்ம சனந்தான். துரை உக்காந்த பெஞ்சுல நம்ம கொலுசுப்பட்டறைக்காரரு உக்காந்திருக்கறாரு. இதைப் பாக்கக் கொலோனுக்குப் போனாக் கெடைக்குமா?

உள்ளாற போனா எப்பிடி நடந்துக்கறதுன்னு சொல்றேன், காதுல வாங்கு. செருப்பு வெவகாரம் ஊருக்கு ஊரு மாறும், மத்தவங்க என்ன பண்றாங்கன்னு பாத்துச் செய்யி. பொட்டாட்ட உக்காரு. குடிலுக்கு முன்னால நின்னு பாப்பாவைத் தூக்கி வெச்சுப் படம் புடி, ஆரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க. ஆனா அங்க ஒரு அம்மா முழங்கால் போட்டு அழுதுக்கிட்டிருக்கறப்ப அவுங்க தலைக்கு மேல குச்சிய நீட்டி மொகரையத் திருப்பித் திருப்பிப் படம் எடுக்காத. அவுங்க கோயிலுக்கு வந்திருக்கறாங்க, நீ வேடிக்கைக்கு வந்திருக்கறே. கேக்குக் குடுத்தா வாங்கிக்க. ரெண்டாந் துண்டு கேக்காத.

முக்கியமா, வரிசை நிக்குதேன்னு நீயும் போயி நின்னுறாத. ஏன் சொல்றேன்னா, நான் நின்னேன். எந்த ஊருன்னு கேக்காத, சொல்ல மாட்டேன். வெவரம் இல்லாத வயசு, அறிவு இல்லாத காலம். பூசை முடியற நேரம், எல்லாரும் எந்திரிச்சு வரிசையாப் போறாங்க, பாதிரியாரு வெள்ளையா ஒண்ணு குடுக்கறாரு. திருநீறாட்டம் போலன்னு நானும் நின்னுட்டேன். நாக்கை நீட்டறதா, கையை நீட்டறதா தெரியலை, ரெண்டையும் நீட்டிக்கிட்டு நிக்கறேன். அவரு என்னைப் பாத்தாரு, என்ற நெத்தியில இருந்த பட்டையப் பாத்தாரு. ஒண்ணும் சொல்லாம நெத்தியில கை வெச்சு ஆசீர்வாதம் பண்ணி அனுப்பிப்போட்டாரு. பின்னால கிளீனர் பையன் விழுந்து விழுந்து சிரிக்கறான். அது நன்மை வாங்கறதுன்னு அப்பறந்தான் தெரிஞ்சுது, ஞானஸ்நானம் எடுத்தவங்களுக்கு மட்டுமுள்ளது. பட்டை போட்டவனையும் மொகங்கோணாம அனுப்புனாரே, அந்த மனுசன் நல்லா இருக்கோணும்.

சேலம் முடிஞ்சுதா, அடுத்து திருச்சி. நம்மூருல இருந்து ரெண்டு மணி நேரம். மலைக்கோட்டைக்குக் கீழ, தெப்பக்கொளத்துக்குப் பக்கத்துல, செயின்ட் ஜோசப் காலேஜ் வளாகத்துல லூர்து மாதா கோயில். அப்துல் கலாம் படிச்ச காலேஜு. பிரான்சுல லூர்துல இருக்கற கோயிலைப் பாத்துக் கட்டுனது, கோபுரம் 200 அடிக்கு மேல. அங்க நின்னு ஒரு வேலை பண்ணு. ஒரு கண்ணுல மலைக்கோட்டைப் பிள்ளையாரைப் பாரு, மறு கண்ணுல மாதா கோபுரத்தைப் பாரு. மலைய நம்மாளு கொடைஞ்சான், அவுங்க ஆளு கல்லை அடுக்கி மலை பண்ணுனான். எது பெருசுன்னு சண்டை போடறவன் ரெண்டுத்துலயும் ஏறிப் பாக்காதவன்.

அதுக்கப்பறம் மைசூரு. இது எனக்குப் புடிச்ச ரூட்டு. சத்தியமங்கலம் தாண்டித் திம்பம், 27 கொண்டை ஊசி. கரும்பு லாரி முன்னால போனா யானை வரும், யானை வந்தா வண்டி நிக்கும், வண்டி நின்னா டீ ஆறும். அந்தக் காலத்துல ராத்திரியில ஏறி, வெடியால மைசூரு போயிச் சேருவேன். மூடுபனிக்குள்ள ரெண்டு கோபுரம் மட்டும் மேல நிக்கும், ஒடம்பு தெரியாது. செயின்ட் பிலோமினா கோயில். ஒவ்வொண்ணும் 175 அடி. 1933ல கடைக்கால் போட்டது ஆருன்னு நெனைக்கறே? பாதிரியில்ல, பிஷப்பு இல்ல. மைசூர் மகாராசா, நாலாம் கிருஷ்ணராச உடையாரு. சாமுண்டியம்மனைக் கும்புடற ராசா மாதா கோயிலுக்குக் கல்லு வெச்சாரு, 1941ல தொறந்தாங்க. இதுக்கு மாதிரி எந்தக் கோயில் தெரியுமா? நீ ரெண்டு லட்சம் கட்டிப் பாக்கப் போறியே, அதே கொலோன் கோயில். ரெட்டைக் கோபுரமும் அதைப் பாத்துக் கட்டுனதுதான். ஒசரம் அதுல மூணுல ஒரு பங்குதான், ஒத்துக்கறேன். பஸ்சு சார்ஜையும் வெச்சுக் கணக்குப் பாரு.

கொலோன்னதும் ஞாபகம் வருது. நம்மூரு மேம்பாலம் பத்து வருசமாத் தூணோட நிக்குதுன்னு வாட்சப்புல எழுதித் திட்டுனியே. கொலோன் கோயிலுக்குக் கடைக்கால் போட்டது 1248ல. முடிஞ்சது 1880ல. 632 வருசம் கண்ணு. நடுவுல காசு இல்லாம, மனசும் இல்லாம நின்னு போச்சு. பாதி கட்டுன கோபுரத்து உச்சியில கல்லுத் தூக்கற மரக் கிரேன் ஒண்ணு இருந்துச்சு. எறக்கறதுக்கும் ஆளில்ல, ஓட்டறதுக்கும் ஆளில்ல. நானூறு வருசம் அங்கயே நின்னுச்சு. ஊருக்கு அடையாளமே அந்தக் கிரேன்தான்னு ஆயிப் போச்சு. படம் வரையறவனெல்லாம் கோயிலோட கிரேனையும் சேத்துத்தான் வரைவான். காண்ட்ராக்டருக பூராப் பேரும் அந்தப் படத்தை ஆபீசுல மாட்டி வெச்சுக்கலாம்.

ஊட்டிக்குப் போனா செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சு பாரு. கவர்னர் லஷிங்டன் 1829ல கல்லு வெச்சாரு, மறுவருசம் பிரதிஷ்டை. அதோட உத்தரம் எங்க இருந்து வந்துச்சு தெரியுமா? சீரங்கப்பட்டணத்துல திப்பு சுல்தான் அரண்மனையப் பிரிச்சு எடுத்த மரம். நல்ல ரோடு இல்லாத மலையில ஆனைய வெச்சு இழுத்தாங்களாமா. அன்னிக்கு லாரி இருந்திருந்தா அந்த லோடு நாமக்கல்லுக்குத்தான் வந்திருக்கும். அரண்மனை உத்தரம் கோயில் கூரையாச்சு. தோத்தவனோட மரமும் வீணாப் போறதில்ல.

ஐதராபாத்துக்கு முட்டை ஏத்திப் போறப்ப மேதக் கோயிலை ஒரு வாட்டி பாத்தேன். போஸ்னெட்டுன்னு ஒரு பாதிரி, பஞ்ச காலத்துல சும்மா கஞ்சி ஊத்தறதுக்குப் பதிலா வேலை குடுத்துச் சோறு போட்டுக் கட்டுன கோயில், 1924ல தொறந்தது. நம்ம நூறு நாள் வேலையாட்டம்னு வெச்சுக்கயேன். என்ன ஒண்ணு, அவுங்க கட்டுனது இன்னமும் நிக்குது.

எல்லாம் கோபுரமாச் சொல்றேன், கோபுரம் இல்லாததையும் சொல்லோணும். நம்ம சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் 1623 வாக்குல ஒரு இத்தாலிக்காரரு வந்தாரு. ராபர்ட் தெ நொபிலின்னு பேரு, தத்துவ போதகர்னு சொல்லுவாங்க. மதுரையில இருந்து கெளம்பி வந்தவரு. காவி கட்டி, கட்டை செருப்புப் போட்டு, மரக்கறி தின்னு, சன்னியாசியாட்டம் நடந்தாரு. கூர் வளைவு ஒண்ணும் கட்டலை. கோதிக்குன்னு வசவு வெச்சதும் இத்தாலிக்காரரு, அந்த வசவு ஊரெல்லாம் பரவிக்கெடந்த காலத்துல கடல் தாண்டி வந்து நம்ம பட்டிக்காட்டான் வேசத்தையே போட்டுக்கிட்டவரும் இத்தாலிக்காரரு. வேடிக்கையா இல்ல?

கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி ஏறி அடிக்கடி அருவி பாக்கப் போறியே, அங்க ஜெசி பிராண்டுன்னு ஒரு மிஷனரியோட கல்லறை இருக்குது. மலைச் சனத்துக்கு மருந்து குடுத்துக்கிட்டுக் கெடந்தவரு, 1929ல காய்ச்சல்ல போயிட்டாரு. அவரு சம்சாரம் எவ்லின் அம்மா வயசான காலத்துல சீமையில போயி உக்காராம மலைமலையா ஏறி எறங்கி, 1974ல கண்ணை மூடுனாங்க, அவரு பக்கத்துலயே கெடக்கறாங்க. அவுங்க பையன் பால் பிராண்டு 1914ல பொறந்தவரு, சின்ன வயசுல கொல்லிமலையிலதான் வளந்தாரு. வேலூரு ஆஸ்பத்திரியில குட்டம் புடிச்சு மடங்கிப் போன கையை ஆப்பரேசன் பண்ணி விரிச்சுக் காட்டுன டாக்டரு அவருதான், உலகம் பூரா அந்த வைத்தியத்தைப் படிச்சுது. அங்க படம் எடுக்க ஒண்ணும் இருக்காது. ரெண்டு கல்லு, புல்லு, பலா மரம். உனக்குப் புடிக்காது. நான் ரெண்டு வாட்டி போயிட்டு வந்தேன்.

என்ன, காபி ஆறிப் போச்சா? குடி. உங்கம்மிச்சி மறுபடியும் போட்டுத் தர மாட்டா.

நான் சொன்னதை வெச்சு டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிப்போடாத, அப்பறம் உம்பொண்டாட்டி என்னையத்தான் திட்டுவா. கொலோனுக்குப் போ. ஒசந்த வேலை, பாக்க வேண்டிய வேலைதான். ஆனா நாளைக்கு வெடியால சேலத்துக்கு மொத பஸ்சு இருக்குது. கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்புல எறங்கு. சொட்டரு போட்டுக்க, மார்கழிப் பனி. பாப்பாவையும் கூட்டிட்டுப் போ, மேல பாக்கறதுல அதுதான் உன்னைய விடக் கெட்டி. திரும்பி வர்றப்ப ரோட்டோரம் தட்டுவடை செட்டு ரெண்டு தின்னுட்டு, எனக்கு ரெண்டு கட்டிக்கிட்டு வா, காரம் கொறச்சுப் போடச் சொல்லு. கொலோன் கோயிலுக்கு ஒண்ணும் அவசரமில்ல. கட்டி முடிச்சு இத்தனை வருசமாச்சு, கல்லு கரைஞ்சுக்கிட்டே இருக்கறதால இன்னமும் எங்கியாவது ஒரு மூலையில சாரம் கட்டித்தான் வெச்சிருக்கறாங்களாமா.